காலிக் குழி

கேக்கை நிலாவைப் போலவே செய்துகொண்டு வந்திருந்தார்கள். வெள்ளைக் கிரீமில் பள்ளமும் மேடும், நடுவே சாக்லேட்டில் ஒரு குட்டி லேண்டர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கத்தியைக் காணோம். யாராவது போய் எடுத்து வந்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் பொறுக்கமாட்டாமல் இயக்குநர் கிரீம் பள்ளத்துக்குள் விரலை விட்டு வழித்தார், வாயில் வைத்துச் சப்பினார், சப்பிய விரலை அப்படியே மறுபடியும் உள்ளே விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் கட்டுப்பாட்டு அறையில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டு அந்த நிலாவின் மேல் பாய்ந்தார்கள்.

பினாயில் சுவரோரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "கண்றாவி" என்று முணுமுணுத்துவிட்டு, யாரோ நீட்டிய தட்டை வேண்டாமென்று தள்ளினாள்.

பினாயில் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கூட வேலை பார்க்கும் புண்ணியவான்கள் வைத்தது. நிலாவுக்குப் போகிற இயந்திரத்தில் நம்முடைய அழுக்கு ஒட்டிக்கொண்டு போகாமல் பார்ப்பது அவள் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு சுத்த அறைக்குள் போவாள். லேண்டரின் ஒவ்வொரு மூலையையும் பஞ்சுக்குச்சியால் துடைப்பாள். அந்தப் பஞ்சில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கருவியில் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் எதுவும் மேலே போகாது. பன்னிரண்டு வருஷமாக மனிதர்களிடமிருந்து உதிர்வதை மட்டுமே பார்த்து வந்தவள் அவள். தோல் செதில், பொடுகு, எச்சில் துளி, வியர்வை, மூக்கைத் தொட்ட கை. எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் அவள் கண் முதலில் போவது அவருடைய நகத்துக்குத்தான். இப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்று அவளுடைய அக்காவே சொல்வாள்.

அந்த அக்காவின் புருஷன்தான் இயக்குநர். வீட்டில் மாமா, ஆபீசில் சார். அப்பா இறந்தபோது பினாயில் பள்ளிக்கூடம் முடித்திருக்கவில்லை. தன் வீட்டு மாடியறையைக் கொடுத்து, படிக்கவைத்து, இந்த வேலைக்கும் வழிகாட்டியவர் மாமாதான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டிருந்தாள்.

லேண்டர் இறங்கியிருந்தது நிலாவின் தென்முனையில், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தில். மண்ணைத் துளைத்து எடுத்து, மிளகளவு மண்ணை ஒரு குழியில் போட்டுச் சூடாக்கி, வருகிற ஆவியை முகர்ந்து பார்க்கும் கருவி ஒன்று அதில் இருந்தது. எல்லாரும் அதை அடுப்பு என்பார்கள். அடுப்புக்குள் ஒரு வட்டு, வட்டைச் சுற்றி எட்டுக் குழிகள், ஒவ்வொரு குழியும் ஒரே ஒரு தடவைக்கு. வெயில் இல்லாத இடமாதலால் எல்லாம் பேட்டரியில் ஓடியாக வேண்டும். நேற்று முதல் குழியைச் சூடாக்கினார்கள், இன்று காலையில் இரண்டாவதை. இரண்டிலும் கரிமப் பொருள் இருப்பதாகக் கருவி சொல்லியிருந்தது. உயிர் உருவாவதற்கு வேண்டிய சரக்கு நிலாவில் கிடைத்துவிட்டது என்றுதான் கேக், கைதட்டல் எல்லாம். மாலை நான்கு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்.

கேக்கைப் பார்க்கச் சகிக்காமல்தான் பினாயில் கண்ணைத் தூக்கிப் பெரிய திரையைப் பார்த்தாள். லேண்டர் கிளம்பியதோடு அவள் வேலை முடிந்துவிட்டது. அதனால் அதில் தெரிந்த அடுப்பின் கிராஃபை அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. தட்டையாக ஓடிய கோட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மேடு செங்குத்தாக எழுந்து, வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் சரிந்து இறங்கியது.

அந்த மேடு அவளுக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறாள். கையுறை போடாத விரல் பட்ட இடத்தைத் துடைத்தால் வருகிற மேடு அது.

திரைக்குப் பக்கத்தில் எண்களைக் கவனிக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் அவள் டேட்டா. பினாயில் அவள் காதருகே குனிந்தாள்.

"அந்த மேட்டுக்கு மெஷின் என்ன பேர் சொல்லுது?"

டேட்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஸ்குவாலீன்னு சொல்லுது. முப்பது கார்பன்."

"அப்போ திரையில ஏன் 'சிக்கலான கரிம மூலக்கூறு'ன்னு போட்டிருக்கு?"

"சார்தான் அப்படிப் போடச் சொன்னார். பேரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னார்."

பினாயில் நிமிர்ந்தாள். தெரியாமல் செய்த தப்பென்றால் மன்னித்துவிடலாம். இங்கே பெயரைத் தெரிந்துகொண்டே மறைத்திருக்கிறார்கள். அவள் நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள்.

மாமா நான்கு மணிக்குப் படிக்க வேண்டிய உரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளுக்கும் நாக்கை நீட்டி விரலை நனைத்துத் திருப்புவது அவர் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான், செய்தித்தாளின் ஓரமெல்லாம் ஈரமாக இருக்கும். மாமா படித்த பேப்பரைப் பினாயில் தொடவே மாட்டாள்.

"சார், அது ஸ்குவாலீன். மனுஷன் தோல்ல இருக்கிற எண்ணெய். இல்லேன்னா சுறாமீனோட ஈரல்ல இருக்கும். நிலாவுல சுறாமீன் நீந்துதுன்னு நாலு மணிக்குச் சொல்லப் போறீங்களா?"

அவர் சிரித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"உட்காரும்மா. ஒரு குழியில வந்திருந்தா அழுக்குன்னு நானே சொல்லியிருப்பேன். ரெண்டு குழியிலயும் வந்திருக்கே."

"ரெண்டுலயும் யாராவது கை வெச்சிருந்தா?"

அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் தாளின் மேல் இருந்தது. அவர் அதை மெதுவாக மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், பினாயிலுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு திருட்டு வழக்கம் இருந்தது. லேண்டரை மூடுகிற நாளில், யாரும் பார்க்காதபோது கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் எங்காவது ஒரு தொடல். இத்தனை வருஷம் கட்டிய பிள்ளையை வழியனுப்புகிறார்களாம். யார் ஆரம்பித்து வைத்த கூத்தோ தெரியாது. பினாயிலுக்கு இந்த வழக்கம் தெரியும். தெரியாத மாதிரி வெளியே போய்ப் பத்து நிமிடம் நிற்பாள், திரும்பி வந்து எல்லா இடத்தையும் கரைப்பான் போட்டுத் துடைப்பாள், பிறகு சோதிப்பாள். அவர்கள் தொடுவதும் இவள் துடைப்பதும் பேசாமலே நடந்துகொண்டிருந்தன.

"ரெண்டாவது குழியில மட்டும்தான்" என்றார் மாமா தணிந்த குரலில். "வெளியில எங்க தொட்டாலும் நீ துடைச்சிடுவே. அடுப்புக்குள்ள பார்க்க மாட்டேன்னு நினைச்சேன். வட்டைச் சுத்தி விட்டுட்டா குழி உள்ளே போயிடும், யாரும் பார்க்க முடியாதில்ல? சும்மா ஒரு விரல். ஆனா முதல் குழியில நான் தொடவே இல்லை. சத்தியமா. அப்போ முதல் குழியில வந்தது நிலாதானே?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன் ஒருவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை வந்திருக்கும் என்று மனிதர் மனதார நம்பினார். கூட இருந்த பத்துப் பேருக்கும் விரல் இருக்கிறது என்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

"காலிக் குழி ஒண்ணைச் சூடாக்குங்க சார். மண்ணே போடாம. மேடு வந்தா நம்ம அழுக்கு. வரலேன்னா நீங்க சொல்றது சரி."

"பேட்டரியில ஒரே ஒரு தடவைக்குத்தான் இருக்கு. அதைக் காலிக் குழியில போட்டு வீணாக்கச் சொல்றியா? மூணாவது மண் எடுத்து ரெடியா இருக்கு."

"காலிக் குழிச் சோதனைதான் வேலைப் பட்டியல்ல முதல் வரி. அதை அடிச்சது யாரு?"

அடித்தது அவர்தான், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று.  மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"எட்டுக் குழியும் சுத்தம்னு இதுல இருக்கு. எட்டுக்கும் தனித்தனியா நம்பர் இருக்கு. கீழே யார் கையெழுத்து?"

அவளுடையதுதான். அதைப் பார்த்ததும் காது மடல் சுட்டது.

லேண்டரை மூடிய அன்றைக்கு என்ன நடந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். ஆறு மணி நேரமாக அந்த வெள்ளை உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தாள். முகமூடிக்குள் தன் மூச்சே தனக்கு நாறியது. கண்ணெதிரே லேண்டரின் காலில் யாரோ வைத்துவிட்டுப் போன கட்டைவிரல் ரேகை, எண்ணெய்ப் பளபளப்போடு. அதைத் துடைத்தாள். இன்னொன்று இருந்தது, அதையும் துடைத்தாள். ஒவ்வொன்றாகத் துடைக்கத் துடைக்க, வீட்டுக்குப் போய்த் தலையோடு குளித்தால் போதும் என்று ஆகிவிட்டது. அடுப்பின் வாய்க்கு நேராக எட்டாவது குழி நின்றது. அதைத் துடைத்தாள், சோதித்தாள். மற்ற ஏழையும் பார்க்க வேண்டுமானால் வட்டைக் கையால் சுற்றவேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் படிவம் நிரப்பவேண்டும். அடுப்பைப் போன வாரம்தான் சூடேற்றிச் சுத்தமாகக் காய வைத்திருந்தார்கள், உள்ளே யார் கைவிடப் போகிறார்கள்? எட்டாவதன் எண்ணையே மற்ற ஏழுக்கும் எழுதினாள். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே மாற்றினாள்.

இத்தனை நாளும் அவள் நினைத்துப் பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தது அந்தக் கடைசி இலக்கங்களைத்தான். மற்றவர்கள் விரலைத்தான் வைத்தார்கள். இவள் உட்கார்ந்து யோசித்துப் பொய்யை அழகுபடுத்தியிருக்கிறாள்.

"எட்டாவதை மட்டும்தான் பார்த்தேன் மாமா" என்றாள். ஆபீசில் அவரை அப்படி அவள் கூப்பிட்டதே இல்லை. "மத்ததெல்லாம் நானா எழுதினது."

மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டுவார், இல்லையென்றால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவார் என்று நினைத்தாள். அவர் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"அப்போ எட்டாவது நிச்சயம் சுத்தமா இருக்கும்."

"இருக்கும்."

"சரி, நீ கேட்ட மாதிரியே செஞ்சிடலாம். காலிக் குழிதானே? எட்டாவதைக் காலியா சூடாக்குவோம். ஒண்ணும் வராது. நீ சந்தேகப்பட்டே, நாம சோதிச்சுட்டோம், கண்டுபிடிப்பு நிக்குது. உன் கையெழுத்தும் நிக்குது." அவள் தோளைத் தட்டப் போனவர், அவள் விலகியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ரெண்டு மணிக்குக் கட்டளை அனுப்பறேன். நீயும் வந்து நில்லு. நாலு பேர் பார்க்கணும்ல?"

பினாயில் வெளியே வந்து கழுவறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, நகக்கண்ணில் தேய்த்து, மறுபடியும் சோப்புப் போட்டாள். தான் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் ஒரு நொடிகூட முகம் சுளிக்கவில்லையே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. சாக்கடைக்குள் விழுந்தவளைக் கைகொடுத்துத் தூக்குவதற்குப் பதில், இங்கே நல்லா இருக்கு என்று தானும் இறங்கி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

போன் அடித்தது. அக்கா.

"நான் கிளம்பிட்டேன்டி. நாலு மணிக் கூட்டத்துக்கு முன் வரிசையில ரெண்டு சீட்டு போடச் சொல்லியிருக்கேன், ஒண்ணு உனக்கு. என்ன, உங்க மாமாகிட்ட ஏதோ முறைச்சுக்கிட்டு நின்னியாமே?"

"அதுக்குள்ள சொல்லிட்டாரா?"

"சொல்லாம? அவர் பேரும் கெடாது, உன் பேரும் கெடாதுன்னு ஒரு வழி சொல்லியிருக்கார். அதுல உனக்கு எங்க குத்துது?"

"பொய்யிக்கா அது."

"நீ எழுதினது மட்டும் நெஜமா?"  அக்காவின் குரல் இறங்கியது. "இதோ பாரு, அவருக்கு இது கடைசி லேண்டர். அடுத்த வருஷம் வீட்டுல உட்காரப் போறார். தலை நிமிர்ந்து உட்காரட்டும்டி. அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவ நீ."

பினாயில் போனை வைத்துவிட்டாள். அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் நிஜம், நீ எழுதினது மட்டும் நிஜமா என்று கேட்டது. வாயை மூடிக்கொண்டு ரெண்டு மணிக்குப் போய் நின்றால் போதும். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. நிலாவா வந்து கேட்கப் போகிறது? நாலைந்து வருஷம் கழித்து வேறு யாராவது அங்கே இறங்கி, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்று சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்படி யோசித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள். கையைத் துடைத்த காகிதத்தைக் கூடையில் போட்டுவிட்டு, மறுபடியும் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்திருந்தாள். எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியவில்லை.

ரெண்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கேக் இருந்த மேசையில் கிரீம் பிசுபிசுவென்று காய்ந்துகொண்டிருந்தது. மாமா நடுவில் நின்று, நம் வேலையை நாமே சந்தேகப்பட்டுச் சோதிப்பதுதான் விஞ்ஞானம் என்று ஒரு சின்ன உரையே ஆற்றினார். பினாயிலைக் காட்டி, "இந்த யோசனை இவங்களுடையது" என்று வேறு சொன்னார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

டேட்டா தட்டச்சு செய்தாள். திரையில் வந்தது: குழி எட்டு, காலி. கட்டளை மேலே போக இன்னொருவர் பொத்தானை அழுத்த வேண்டும், அது பேட்டரிக்காரர். பேட்டரியின் ஒவ்வொரு சொட்டையும் தன் சொந்த ரத்தம் போலக் காப்பாற்றுகிற மனிதர். "நாற்பது நிமிஷத்துக்குத்தான் இருக்கு. அதுக்கப்புறம் எல்லாம் முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

"எட்டு வேண்டாம்" என்றாள் பினாயில்.

குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"எட்டாவதை மட்டும்தான் நான் துடைச்சேன். அது சுத்தமாத்தான் இருக்கும், அது சாருக்கும் தெரியும். மத்த ஏழையும் நான் தொட்டுக்கூடப் பார்க்கலை. நம்பரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேற குழி எதையாவது வைங்க."

 மாமாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. "அனுப்புய்யா எட்டை!" என்று கத்தினார்.

பேட்டரிக்காரர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். "தெரிஞ்ச விடைக்கு என் பேட்டரியைத் தர மாட்டேன் சார். வேற நம்பர் சொல்லுங்க."

டேட்டா எட்டை அழித்துவிட்டு நிமிர்ந்தாள். காலையில் ஒரு பெயரை மறைக்கச் சொன்னபோது தலையை ஆட்டிய பெண், இப்போது இயக்குநரைப் பார்க்கவே இல்லை. "மூணு?" என்று கேட்டாள்.

"மூணு வேண்டாம்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் அவசரமாக வந்தது. கேமராக்களைப் பொருத்தியவர். எல்லாரும் அவரைப் பார்த்ததும் அவர் தரையைப் பார்த்தார்.

"நாலு?"

துளைப்பான் வேலை பார்க்கும் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாலும் வேண்டாமே" என்றார் ஒருவர். மற்றவர், "ஏழும்தான்" என்றார்.

"ஆறு?"

"ஆறைப் போடாதே" என்றார் பேட்டரிக்காரர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கழுத்துவரை சிவந்துபோய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பினாயில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஒரு தூசு விழுந்தால் ஒரு மாதம் வேலை வீணாகும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள். ஆளுக்கொரு குழியில் ஆளுக்கொரு விரல், அதுவும் தனக்கு மட்டும்தான் தோன்றியது என்ற நினைப்போடு! வெளியே வைத்தால் இவள் துடைத்துவிடுவாள் என்று எல்லாரும் உள்ளே வைத்திருக்கிறார்கள். அவள் துடைப்பில் அவ்வளவு நம்பிக்கை. சீ என்று வந்தது அவளுக்கு. கூடவே சிரிப்பும் வந்தது, அதையும் அருவருத்து அடக்கிக்கொண்டாள்.

"அஞ்சு?" என்றாள் டேட்டா மெல்ல.

யாரும் வாய் திறக்கவில்லை. டேட்டா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஐந்து மட்டும் தப்பியிருக்கிறது போலும். மாமா நிமிர்ந்தார், அவர் கண்ணில் மறுபடி வெளிச்சம் வந்தது. யாரும் தொடாத குழி சுத்தமாக இருந்தால், மற்றவை எப்படிப் போனாலும் முதல் குழியைப் பற்றியாவது வாதாட இடமிருக்கும். முதல் குழிக்கு இன்னும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லையே. பினாயிலும் அதைத்தான் நினைத்தாள். ஐந்து சுத்தமாக வந்தால், தான் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டது ஒன்றுமில்லாததற்கு என்று ஆகும்.

பேட்டரிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

அடுப்பு சூடேற இருபது நிமிடம். கோடு தட்டையாக ஊர்ந்தது. யாரும் உட்காரவில்லை. மேடு வரவேண்டிய இடம் நெருங்கியபோது கோடு தட்டையாகவே இருந்தது, மாமா "பார்த்தியா" என்று ஆரம்பித்தார். அந்த வார்த்தை முடிவதற்குள் கோடு எழுந்தது. நேற்றையதைவிட, இன்று காலையில் வந்ததைவிட உயரமாக, திரையின் மேல் விளிம்பைத் தொடுமளவுக்கு எழுந்து, வலப்பக்கம் கொஞ்சம் சரிந்து இறங்கியது. மண்ணே போடாத குழி. டேட்டா யாரையும் கேட்காமல் மேட்டின் மேல் பெயரைத் தட்டினாள்: ஸ்குவாலீன்.

"அஞ்சுல யாருய்யா?" என்று மாமா கேட்டார். குரலில் கோபம் இல்லை, வறண்டிருந்தது. 

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. மூன்றே காலுக்கு மேலாளர்கள் இரண்டு பேர் வந்து பினாயிலிடம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பொய் எண் எழுதினாள் என்று ஒரே வரியில் ஒரு தாள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விரல் வைத்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அத்தனை பேரையும் அனுப்பிவிட்டால் அடுத்த லேண்டரை யார் கட்டுவது? நான்கு மணிக்கு மாமா பத்திரிகைக்காரர்கள் முன் உட்கார்ந்து, லேண்டர் அருமையாக வேலை செய்தது, முடிவுகள் ஆய்வில் இருக்கின்றன, சுத்த அறையில் ஒரு ஊழியரின் அலட்சியத்தால் சில தரவுகள் பாதிக்கப்பட்டன என்று படித்தார். நாக்கை நீட்டி விரலை நனைத்துத் தாளைத் திருப்பினார். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தங்கை நிற்பது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் திரும்பவில்லை.

பினாயில் தன் மேசையைக் காலி செய்யப் போனாள். ஒரு டப்பா பஞ்சுக்குச்சி, கைக்குப் போடும் சோப்பு, ஒரு ஜோடி செருப்பு. மாடியறையையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றியது, அதை இன்றைக்கு நினைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கதவை யாரோ தட்டினார்கள். ஸ்பேனர் நின்றிருந்தார். லேண்டரின் கடைசித் திருகாணியை முறுக்குகிறவர், முப்பது வருஷத்துக்காரர். கட்டுப்பாட்டு அறையில் மூலையில் நின்று கேக்கை வழித்துக்கொண்டிருந்தவர். சட்டையில் இன்னும் கிரீம் ஒட்டியிருந்தது. கையில் ஒரு தாளைச் சுருட்டி வைத்திருந்தார்.

"அஞ்சு நான்தாம்மா" என்றார்.

அவள் கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்தாள். "அப்போ ஏன் வாயைத் திறக்கலை? எல்லாரும் சொன்னாங்களே வேண்டாம்னு!"

"சொல்லியிருந்தா நீங்க வேற எதையாவது பார்த்திருப்பீங்க. என் விரல் அங்க போய்ச் சேர்ந்துச்சான்னு எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?" அவர் சுருளைப் பிரித்தார். ஐந்தாவது குழியின் கிராஃப், அந்த உயரமான மேடு. அவர் முகம் முழுக்க வெட்கமும் சந்தோஷமும் வழிந்தது. "கையுறை கழட்டறதுக்கு முன்னாடி மூக்கைத் தேய்ச்சுக்கிட்டேன். எண்ணெய் நல்லா ஒட்டும்னு யாரோ சொன்னாங்க. அதான் எல்லாரையும்விட நம்மது உசரம்."

பினாயிலுக்கு நிஜமாகவே வாந்தி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மேசையைப் பிடித்து நின்றாள். நான்கு லட்சம் கிலோமீட்டர் தள்ளி, வெயில்கூடத் தொடாத இடத்தில், இந்த ஆளுடைய மூக்கெண்ணெய். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பேர் இத்தனை வருஷம் தூங்காமல் உழைத்திருக்கிறார்கள்.

"வீட்டுல மாட்டப் போறேன்" என்றார் ஸ்பேனர். "ஆனா பொண்டாட்டி நம்ப மாட்டா. எல்லாம் கதைன்னுவா. கீழே நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, சோதிச்சவங்க போட்டதுன்னு சொல்லுவேன்."

அவர் பேனாவையும் நீட்டினார். பேனாவின் முனையில் பல் தடம் இருந்தது. அவள் அதைத் தொடாமல், தன் டப்பாவிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். தாளை மேசையில் விரித்தாள். குழி எண் ஐந்து, காலி, பொருள் ஸ்குவாலீன், மனிதத் தோலிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். மேட்டின் உயரத்தை அளவுகோலில் வைத்து அளந்து பக்கத்தில் எழுதினாள். கடைசி இலக்கம் வரைக்கும் எழுதினாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஐந்தாவது குழியைப் பற்றி அவள் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றுதான் உண்மை. கை கூசிக்கொண்டே போட்டாள்.